ஒருத்தரும் குறை நினைக்கேல்லையாம்

பலெர்மோ
3.9.1998

ஜூலி,

சுகம் விசாரிச்சுத் தொடங்கிற கடிதம் இல்லை இது.

நான் இஞ்சை திரும்பி வந்து ஒரு கிழமைக்கு மேலையாகுது. போன் எடுக்கேக்கையெல்லாம் உன்ர மாமி விமலராணிதான் எடுக்கிறா. ஒருக்கா நீ குளிக்கிறாயாம். ஒருக்கா ரியூசனுக்குப் போட்டாயாம். நேற்று நீ படுத்திட்டாயாம், பினாங்கிலை அப்ப பின்னேரம் அஞ்சு மணி. விமலராணி மச்சாளுக்குப் பொய் சொல்லவும் சரியாத் தெரியாது. அதாலைதான் எழுதுறன். கடிதத்துக்கு ஆரும் மறுமொழி சொல்லித் திருப்பி அனுப்பேலாது.

உனக்கு எட்டு வயதிலை உன்னை அவவிட்டை விட்டிட்டு வந்தனான். இப்ப பதினாறு. இடையிலை உன்னைப் பாக்க வராததுக்கு நீ கோவிக்கலாம். கோவி. ஆனால் காரணம் உனக்குத் தெரியும். பெர்மெஸ்ஸோ எண்ட இருக்கிறதுக்கான அனுமதிப் பத்திரம் இல்லாமல் இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள். பத்திரம் கைக்கு வந்த பிறகு வந்த முதல் ஓகஸ்ற். நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டார் கடற்கரை வீட்டுக்குப் போக, எனக்கு லீவு கிடைச்ச அண்டைக்கே டிக்கெட் போட்டனான்.

வந்து நாலாம் நாள் நீதான் கேட்டாய், "நான் சனிக்கிழமைகளில் வேலை பார்க்கிற சீனத்து மாளிகையைப் பார்க்க வர்றீங்களா?" எண்டு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே? கொண்டுவந்ததிலை நல்ல சீலையை உடுத்தனான். விமலராணி மச்சாள் வாசல்லை நிண்டு பாத்தவ.

வீடு வடிவுதான். இல்லையெண்டு சொல்லமாட்டன். ஈயமும் மிளகும் வித்துப் பணக்காரனான சீன முதலாளி கட்டினது, இடிஞ்சு மரம் முளைச்சுக் கிடந்ததை இப்பதான் திருத்தித் திறந்தவை எண்டு வழியிலை சொன்னாய். வாசல் கதவிலை பொன் பூச்சு. நடுவிலை கூரையில்லாத முற்றம், மழை பெய்தால் வீட்டுக்குள்ளையே விழுமாம். அந்த வாசல்லை உன்ர பொறுப்பாளர் மிஸஸ் ஓங் சிரிச்சுக்கொண்டு என்னைக் காட்டி ஏதோ கேட்டா. நீ சொன்னாய், "மை ஆண்ட்டி ஃப்ரம் இட்டலி."

எனக்கு இங்கிலீஸ் பெரிசாத் தெரியாது ஜூலி. அந்தச் சொல்லுக்கு இங்கிலீஸ் தேவையில்லை.

அப்பவும் நான் வாய் திறக்கேல்லை. ஏதோ கூச்சத்திலை சொல்லிட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டு கூட்டத்தோடை உனக்குப் பின்னாலை வந்தன். எனக்குப் பக்கத்திலை ஒரு இத்தாலிச் சோடி. நீ இங்கிலீசிலை சொல்லச் சொல்ல, அந்த மனுசன் மனுசிக்கு இத்தாலியனிலை மெல்லமாச் சொல்லிக்கொண்டு வந்தவன். என்ர பிள்ளை கதைக்கிறதை இன்னொருத்தன்ர வாயாலை விளங்கிக்கொண்டு நடந்தன். கெட்டிக்காரி, என்ன தெளிவாச் சொல்லுறாள் எண்டு எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

பேந்து மாடியிலை அந்தப் படம். முதலாளியின்ர மூத்த மனுசி கதிரையிலை, மடியிலை ஒரு பொடியன். பின்னாலை இரண்டாம் மனுசி நிக்கிறாள். பொடியன் இரண்டாமவள் பெத்தது. மூத்தவளுக்குப் பிள்ளையில்லை எண்டு அவளுக்குக் குடுத்திட்டினம். அவன் மூத்தவளை அம்மா எண்டும், பெத்தவளை அன்ரி எண்டும் கூப்பிட்டு வளந்தவனாம். நீ சிரிச்சுக்கொண்டு சொன்னாய், "அந்தக் காலத்து வழக்கம் அது. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை."

ஒருத்தரும் குறை நினைக்கேல்லையாம்!

அதுக்குப் பிறகு நான் கத்தினது உண்மை. நீ கூட்டத்திட்டை ஆண்ட்டிக்குச் சுகமில்லை எண்டு சொல்லி, என்ர முழங்கையைப் பிடிச்சு வெளியிலை கொண்டுவந்து கேற்றடியிலை விட்டதும் உண்மை. வெய்யிலுக்கை நீ வரும்மட்டும் நிண்டன். அண்டையிலிருந்து நான் பிளேன் ஏறுமட்டும் நீ என்னோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை.

உன்னை இஞ்சை கூப்பிடக் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை விண்ணப்பம் குடுத்திருக்கிறன். பதினெட்டு முடியமுன்னம் நீ வந்திடவேணும், பிந்தினால் விடமாட்டாங்கள். உன்ர கையெழுத்து வேணும். பத்திரம் இதோடை இருக்கு.

கோவத்தோடை எண்டாலும் பதில் எழுது.

அம்மா


பினாங்கு
15.9.1998

மேலே யாருக்கு என்று எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் உங்களுக்கோ எனக்கோ கோபம் வரும்.

அந்தச் சனிக்கிழமை நான் முதன்முறையாகத் தனியாகக் கூட்டத்தை அழைத்துப்போன நாள். அதுவரை மூன்று மாதம் மற்றவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்துவிட்டுக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினேன். போதுமா?

அத்தனை பேருக்கு நடுவில் நின்று எனக்குத் தெரியாத மொழியில் கத்தினீர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிலர் காமிராவைக் கீழே இறக்கினார்கள். கீழே சமையல் அறையை எப்படிக் காட்டி முடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏன் ஆண்ட்டி என்றேன் என்று கேட்காமல் கேட்கிறீர்கள். விமலராணி மம்மி சொல்லிக்கொடுத்ததாக நினைக்கிறீர்கள். மம்மி சொல்லிக்கொடுக்கவில்லை. நான் இங்கே பள்ளியில் சேர்ந்தபோது பிள்ளைகள் கேட்டார்கள், உன் அம்மா எங்கே, ஏன் உன்னை விட்டுவிட்டுப் போனாள், நீ கெட்ட பிள்ளையா என்று. ஒரு நாள் நானாகச் சொன்னேன், விமலராணி மம்மிதான் என் அம்மா, இத்தாலியில் இருப்பது ஆண்ட்டி என்று. அதோடு கேள்வி நின்றது. அந்த ஒரு சொல்லில்தான் நான் இங்கே நிம்மதியாக இருந்தேன். மிஸஸ் ஓங் கேட்டதும் அது தானாக வாயில் வந்தது. நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதுகூட அடுத்த நிமிடம்தான் உறைத்தது. ஆனால் திருத்தவில்லை. திருத்தினால் எட்டு வருடத்தையும் அந்த வாசலில் நின்று விளக்க வேண்டும்.

வழக்கம் என்று நான் சொன்னது எனக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தது. அது உங்களைப் பற்றி இல்லை. எல்லாமே உங்களைப் பற்றி இல்லை.

நீங்கள் எனக்கு அனுப்பிய படங்கள் ஆறு. அதில் நான்கில் உங்கள் மடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. ஒன்றில் அதற்கு ஊட்டிவிடுகிறீர்கள். அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. நான் அந்தப் படத்தை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். அடுத்த வருடம் எனக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை, எஸ்.பி.எம். இத்தாலியன் ஒரு சொல்கூடத் தெரியாது. அங்கே வந்து நானும் யார் வீட்டிலாவது தரை துடைக்க வேண்டுமா?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சுற்று முடிந்து வெளியே வரும்போது அந்த இத்தாலியப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் கணவன் மொழிபெயர்க்காமல் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

ஜூலி


பலெர்மோ
26.9.1998

ஜூலி,

சொல்லுறன். ஆனால் முதல் அந்தப் படங்களின்ர கதை.

அந்தப் பிள்ளையின்ர பேர் ஃபெதெரிக்கா. பிறந்து ஒரு கிழமையிலை என்ர கையிலை தந்தவை. சிஞ்ஞோராவிட்டை காமிரா இருந்தது, தன்ர பிள்ளையைப் படம் எடுப்பா. பிள்ளை என்ர மடியிலை இருந்தபடியால் நானும் படத்துக்கை விழுந்தன். அதைக் கேட்டு வாங்கி உனக்கு அனுப்பினன், உன்ர அம்மா உசிரோடை, நல்ல உடுப்போடை இருக்கிறாள் எண்டு நீ பாக்க. அந்தப் பிள்ளை இல்லாமல் இஞ்சை ஒருத்தரும் என்னைப் படம் எடுக்கேல்லை. மற்ற இரண்டும் கோயில் பெருநாளிலை எங்கடை ஆள் ஏர்னஸ்ற் அண்ணை எடுத்தது. அதிலையும் நான் ஓரத்திலை.

உன்ர அப்பாவை மன்னார்க் கடலிலை நேவிக்காரங்கள் சுட்டவங்கள். கூடப் போன அந்தோனிமுத்துவின்ர வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. உனக்கு அது ஞாபகம் இருக்கும், நீ என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி. உன்னைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் பினாங்கு வந்து சேரும்மட்டும் உன்னைக் கீழை இறக்கேல்லை. அங்கையிருந்து இத்தாலிக்குக் கூட்டிவந்த ஏஜென்ற், பிள்ளையோடை ஏத்தமாட்டன் எண்டிட்டான். கடைசித் தூரம் லொறிக்குள்ளை பெட்டிகளுக்கு நடுவிலை ஒளிச்சு வந்தனாங்கள். அதிலை ஒரு குழந்தை அழுதது. தாய் அதின்ர வாயைப் பொத்தினவள். அவள் கையை எடுக்கேக்கை... எழுதமாட்டன். உன்னைக் கொண்டுவராததுக்கு நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கமாட்டன். உன்னட்டையும் கேக்கமாட்டன்.

நீ கெட்ட பிள்ளையா எண்டு அவங்கள் கேட்டதை ஏன் எனக்கு எழுதேல்லை? விமலராணிக்கு அது தெரியாமல் இருந்திருக்குமோ? தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும், பிள்ளை தன்னை அம்மா எண்டு சொல்லுது எண்டு மனம் குளிர்ந்து பேசாமல் இருந்திருப்பா. அவவுக்குப் பிள்ளையில்லை. அந்தப் படத்திலை கதிரையிலை இருந்தவள் மாதிரித்தான் அவவும் இருந்தவ. கோவிக்காதை, எனக்கு அப்பிடித்தான் தெரியுது.

இனி நான் சொன்னதைக் கேள்.

உன்னைக் காட்டிச் சொன்னன், "இந்தக் கதை சொல்லுற பெட்டை என்ர மகள். நான்தான் இவளைப் பெத்தனான். என்னை அன்ரி எண்டு சொல்லித்தான் இந்த வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தவள். ஒருத்தரும் குறை நினைக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? அந்தக் கதிரைக்குப் பின்னாலை நிக்கிறவளைக் கேட்டனீங்களோ? பாருங்கோ, அவளின்ர கையைப் பாருங்கோ, கதிரையை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கிறாள்."

அந்த மனுசன் கேட்டான், "நீங்கள் எந்த ஊர்?"

நான் சொன்னன், "பலெர்மோ."

அவன் சிரிச்சிட்டான். நான் கதைக்கிற இத்தாலியன் பல்லாரோ சந்தை இத்தாலியன். மீன்காரனிட்டையும் தக்காளிக்காரியிட்டையும் பழகினது. சீனத்து மாளிகையிலை சீலை உடுத்த ஒருத்தி அப்பிடிக் கத்தினால் அவனுக்குச் சிரிப்புத்தானே வரும். மனுசி அவன்ர கையிலை அடிச்சா. எனக்கோ இன்னும் கோவம். மன்னார் எண்டு வாயிலை வரேல்லை பார், பலெர்மோ எண்டுதான் வந்தது.

அவ உன்னட்டை என்ன சொன்னா எண்டு எனக்குத் தெரியாது. நான் அப்ப கேற்றடியிலை நிண்டன்.

தரை துடைக்கிறதைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தத் தரை துடைச்ச கையாலைதான் நீ படிக்கிறாய். அதை நான் சொல்லிக்காட்ட வேண்டிவந்தது உன்ர பிழை.

பத்திரத்தை இன்னொருக்கா அனுப்புறன்.

அம்மா


பினாங்கு
8.10.1998

உங்கள் கடிதத்தை மம்மிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும். அவரைப் பற்றி எழுதியதையும். நீங்கள் எழுதிய ஆத்திரத்தை நான் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும்?

அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, கையைத் துடைத்து, அறைக்குள் போய் என் பெட்டியை எடுத்து வந்து முன்வாசலில் வைத்தார். "போ. உன்னைப் பெத்தவ கிட்டயே போ. நான் கதிரையில உக்காந்தவளாம்" என்றார். பிறகு அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் போகவும் முடியாது, பெட்டியை எடுக்கவும் முடியாது. ராஜதுரை மாமா வேலையிலிருந்து வந்து பார்த்தபோது அவர் அப்படியே இருந்தார், மீனைப் பூனை தின்றுவிட்டிருந்தது.

மாமா கேட்டார், "இப்ப யார் எங்க போறாங்க?"

மம்மி எழுந்து பூனையை விரட்டப் போனார்.

மம்மியைப் பற்றி இனி இப்படி எழுதாதீர்கள். எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவர் அவர். நான் வயதுக்கு வந்தபோது உங்களுக்கு போன் போட்டு, நீங்கள் வேலை செய்யும் வீட்டில் யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள் என்று அழுதவரும் அவர்தான். அது உங்களுக்குத் தெரியுமா? உங்கள் இரண்டு பேரில் யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வராது. சொல்லவும் மாட்டேன்.

இனி அந்த வீட்டில் நடந்தது. போன சனிக்கிழமை மறுபடி கூட்டத்தை அழைத்துப்போனேன். படத்தின் முன்னால் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, கையை இறுக்கித்தான் வைத்திருக்கிறாள். எத்தனை முறை பார்த்திருக்கிறேன், கையைப் பார்க்கவே இல்லை.

குறிப்பில் உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை. "அவளுக்கு எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆகஸ்ட் மாதம் என் தாயார் இங்கே வந்தார். நான் அவரை ஆண்ட்டி என்று அறிமுகம் செய்தேன். அவருக்கு அது குறையாக இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உங்கள் மேலும், என் மேலும், அந்தக் குறிப்பை எழுதியவர் மேலும்.

கூட்டத்தில் ஒரு சீனப் பாட்டி என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிஸஸ் ஓங் பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, மக்கள் இங்கே வீட்டைப் பார்க்க வருகிறார்கள், உன் குடும்பத்தைப் பார்க்க இல்லை என்றார். நான் சொன்னேன், அந்தப் படத்தில் இருப்பதும் ஒரு குடும்பம்தான் என்று. இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்த வேலை அது. போய்விட்டது. உங்களால் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன், நீங்கள் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடவில்லை.

ஜூலி


பலெர்மோ
20.10.1998

ஜூலி,

நீ வயதுக்கு வந்த நேரம் அவ போன் எடுத்தது எனக்குத் தெரியாது. நான் சிஞ்ஞோராவைக் கேட்டன். நாலு வரியத்துக்கு முந்தி வந்த போனை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது எண்டு தோளைக் குலுக்கினா. அண்டைக்கு அந்த வீட்டிலை மூண்டு தட்டு உடைஞ்சது. கை தவறி விழுந்தது எண்டு சொன்னன்.

இன்னொண்டும் நடந்தது. உனக்கு எழுதுறதோ எண்டு யோசிச்சன். எழுதுறன், பேந்து நீ எதையும் மறைச்சன் எண்டு சொல்லக்கூடாது.

ஞாயிறு சிஞ்ஞோராவின்ர வீட்டிலை விருந்து. ஃபெதெரிக்காவுக்கு இப்ப ஏழு வயது. விளையாடேக்கை விழுந்து முழங்கால் உரஞ்சிப்போச்சு. தாய் பக்கத்திலைதான் இருந்தவ. பிள்ளை அவவைத் தாண்டி, விருந்துக்காரர் எல்லாரையும் தாண்டி, குசினிக்குள்ளை ஓடிவந்து என்ர காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு "மாமா, மாமா" எண்டு அழுதது. இஞ்சை மாமா எண்டால் அம்மா.

சிஞ்ஞோரா கதவடியிலை வந்து நிண்டா. அவவின்ர முகத்தைப் பாத்தன். அந்த முகம் எனக்குத் தெரியும். பினாங்கிலை வெய்யிலுக்கை கேற்றடியிலை நிண்ட என்ர முகம்.

விருந்து முடியச் சொன்னா, "எமிலியானா, பிள்ளை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்கு." நான் சொன்னன், "நான் பழக்கேல்லை சிஞ்ஞோரா. நீங்கள் வேலைக்குப் போகேக்கை அவள் தானாப் பழகினவள்." அவவுக்கு மூக்கு நுனி சிவந்தது. வேலையை விட்டு நிப்பாட்டுவா எண்டு நினைச்சன். நிப்பாட்டேல்லை. நான் இல்லாட்டில் அந்த வீடு ஒரு நாள்கூட ஓடாது.

நான் இருக்கிற அல்பெர்கேரியாவுக்கு நடந்து வந்தன். சந்தை பூட்டிக் கிடந்தது. வழிமுழுக்க விமலராணியைத்தான் நினைச்சன். அவவும் என்னத்தைப் பழக்கினவ? நான் இல்லாத இடத்திலை இருந்தவ, அவ்வளவுதான். அப்பிடி நினைக்க எனக்கு இன்னும் கூடத்தான் கோவம் வந்தது. பிழை எல்லாத்தையும் அவவின்ர தலையிலை போட்டு வைச்சிருந்தால் எவ்வளவு சுகம்.

அடுத்த நாள் அவவுக்கு போன் எடுத்தன். சண்டைதான். "உன்ர பெட்டையை நீயே கொண்டு போ" எண்டா. "கொண்டுபோகத்தான் கேக்கிறன், விடுறீங்களோ?" எண்டன். "கதிரையிலை இருந்தவள் எண்டு எழுத உனக்கு எப்பிடி மனம் வந்தது?" எண்டு கேட்டா. எழுதினது பிழை எண்டு நான் சொல்லேல்லை. பேந்து அவ சொன்னா, "அவள் சாப்பிடுறாள் இல்லை." நான் கேட்டன், "என்ன குடுத்தனீங்கள்?" அதிலையிருந்து கொஞ்சம் கதைச்சம். மீன் சொதி, புட்டு. நீ வெள்ளைப்பூடு பொறுக்கி வைப்பியாம். அது எனக்குத் தெரியாது.

அந்தச் சீனப் பெம்பிளையிட்டை நீ சொன்ன மறுமொழி எனக்குப் பிடிச்சிருக்கு. வேலை போனது எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மறுமொழி பிடிச்சிருக்கு.

நீ கையெழுத்துப் போடவேண்டாம். விண்ணப்பத்தை நான் திருப்பி எடுக்கேல்லை, எடுக்கவும் மாட்டன், அது அங்கை கிடக்கட்டும். இதோடை இருக்கிறது வேறை. விடுமுறைக்கு வந்து போறதுக்கு அழைப்புக் கடிதம். வாறதும் வராததும் உன்ர விருப்பம். வந்தால் திருப்பி அனுப்புவன், விமலராணிக்குச் சொல்லு. எனக்குச் சொல்லப் பிடிக்கேல்லை.

அம்மா


பினாங்கு
2.11.1998

விசா குத்தியாகிவிட்டது. டிக்கெட்டை ராஜதுரை மாமா எடுத்தார். காலையில் மேசையில் இருந்தது. பதினைந்தாம் தேதி ரோம் வழியாக வருகிறேன்.

சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போனதால் வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்து சண்டை போட என்னால் முடியவில்லை. பதில் வருவதற்குள் நான் வேறு ஒன்றுக்குக் கோபப்பட ஆரம்பித்துவிடுகிறேன். நேரில் போடுவோம்.

விமான நிலையத்தில் அழாதீர்கள். உங்கள் சொந்தக்காரர்கள், கோயில் ஆட்கள் என்று யாரையும் கூட்டி வராதீர்கள். நான் இன்னார் என்று யாருக்கும் அறிமுகம் செய்யாதீர்கள், முதல் இரண்டு நாளாவது. சிஞ்ஞோரா வீட்டுக்கு நான் வரமாட்டேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டால் அப்போது பார்க்கலாம். கேட்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

விடுமுறை முடிந்ததும் இங்கே திரும்பிவிடுவேன். பரீட்சை எழுதுவேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

மம்மி மூன்று நாளாக மிளகாய்த்தூள் இடித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்காம். "அவளுக்குப் பிடிக்கும்னு இல்ல, அங்க கிடைக்காதுன்னுதான்" என்கிறார். பெட்டியில் என் துணிக்கு இடம் இல்லை. கேட்டால் கத்துகிறார். அதனால் நான் இரண்டு சட்டையோடுதான் வருவேன்.

அங்கே குளிராக இருக்கும் என்று மாமா சொன்னார். எனக்குக் கோட்டு இல்லை. கொண்டு வாங்க. நான் உங்களைவிட உயரம், அதைப் பார்த்து எடுங்க.

ஜூலி